நின்ற இடத்துப் புல்

மாடி வீட்டை வாடகைக்குக் கேட்டு முதன்முதலாக வந்த அன்று அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்தார். பிறகு வாசல் கேட்டுக்கு உட்பக்கம் இருந்த மண்தரையைப் பார்த்தார்.

"செருப்ப எப்பவும் அந்த மூலையிலதான் விடுவீங்களா?"

ஆமாம் என்றேன்.

"அதான் அங்க மட்டும் அருகம்புல்லு வந்திருக்கு" என்றார். வாடகை எவ்வளவு என்று கேட்டது அதற்குப் பிறகுதான்.

ஐம்பதை ஒட்டிய வயது. ஒல்லியான உடம்பு, வெயிலில் கறுத்த முகம், கழுத்தைச் சுற்றி எப்போதும் ஒரு பருத்தித் துண்டு. சிதம்பரத்தில் தாவரவியல் படித்து அங்கேயே ஆராய்ச்சியில் இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாங்கள் அவரை 'மேடம்' என்றோம். என் மகள் 'ஆன்ட்டி' என்றாள்.

எங்கள் வீடு கடலூருக்கு மேற்கே, கேப்பர் மலை ஏறும் பக்கத்தில், ஒரு புதிய மனைப்பிரிவின் கடைசி வரிசையில் இருக்கிறது. கொல்லைச் சுவருக்கு அப்பால் வீடுகள் கிடையாது. செம்பாறையும் சரளைக்கல்லும் புல்லுமாக ஒரு மேடு. மனை விற்றவர் அதைத் தரிசு என்றார். ஆடு மேய்ப்பவர்கள் பொட்டல் என்றார்கள். மேடம் அதைப் பற்றிப் பேசும்போது ஏதோ ஜனநெருக்கடி மிகுந்த ஊரைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

"பாறை மேல கறுப்பா பொருக்கு மாதிரி இருக்குல்ல, அது செத்துப்போன அழுக்கு இல்ல. பாசி. மழை பட்டா எழுந்துக்கும். பாறைப் பள்ளத்துல விரல் கனத்துக்கு மண்ணு இருந்தா மயிர் மாதிரி ஒரு புல்லு, கூடவே விஷ்ணுகிராந்தி. தண்ணி ஊறி நிக்கிற எடத்துல பூச்சி புடிக்கிற செடி. மண்ணு கொஞ்சம் ஆழமாயிட்டா ஊசிப்புல்லும் கொழிஞ்சியும் வந்து மத்ததையெல்லாம் தொரத்திடும். மஞ்சக்குப்பத்துல ஆபீஸ் போறவங்க இருக்காங்க, தேவனாம்பட்டினத்துல கடலுக்குப் போறவங்க இருக்காங்க இல்லையா? அந்த மாதிரிதான். அவங்கவங்களுக்கு ஒரு தெரு."

அந்தத் தெருக்களில் அவர் நடக்கும் விதமே தனி. வீட்டை விட்டுக் கிளம்புமுன் செருப்பின் அடிப்பாகத்தைக் குழாயடியில் ஒரு பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுவார். கீழிருந்து ஒரு விதைகூட மேலே போய்விடக் கூடாது. புல்லை மிதிக்காமல் பாறை பார்த்துப் பாறை பார்த்துக் கால் வைப்பார். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். நான் ஒரு இடத்தில் நின்று, தூரத்தில் நீலக்கோடாகத் தெரிந்த கடலைப் பார்த்தேன்.

"நிக்காதீங்கம்மா, நடங்க" என்றார்.

"ஏன்? கொஞ்ச நேரந்தானே?"

"நடந்தா மன்னிச்சிடும். நின்னா மறக்காது."

சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். நான் சட்டென்று காலைத் தூக்கினேன். அவருக்கு நிற்காமல் நடப்பது பழக்கமாகிவிட்டது போலும். பேருந்து நிறுத்தத்தில்கூட ஓரிடத்தில் நிற்க மாட்டார். கூண்டுக்குள் இருப்பதுபோல முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பார்.

பொட்டலின் நடுவில் நான்கு இரும்பு முளைகளை அடித்துவைத்திருந்தார். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம். அதற்குள் யாரும் கால் வைக்கக் கூடாது, அவரும் வைக்க மாட்டார். தினமும் விடிந்ததும் போய், அந்தச் சதுரத்துக்குள் எந்தச் செடி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்ப்பார். எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன காலத்திலிருந்தே, இதைச் செய்துவந்தார்.

என் கணவருக்குப் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். அவர் சிரிப்பார். "ஒரு மேசை அளவு எடத்தப் பாக்க இவ்ளோ படிப்பா? நான் ஒரு பார்வையில பத்து ஏக்கர் தோப்ப விலை சொல்லுவேன்."

அந்தச் சிரிப்பு நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மேடம் எங்கள் கொல்லைச் சுவரை ஒட்டி வெளியே நடந்துகொண்டிருந்தார். திடீரென்று வீட்டைச் சுற்றி வந்து முன்பக்கத் தெருவுக்கு எதிரே இருந்த காலி மனையைப் பார்த்தார். மறுபடி பின்னால் போனார். பிறகு சமையலறை ஜன்னலைத் தட்டினார்.

"ஒங்க வீட்டுக்கு அடியில ஒரு பாதை போவுது."

"என்ன பாதை?"

"ஜனங்க ரொம்ப காலம் நடந்த பாதை. பாறையில பொருக்கு ஒடஞ்ச எடத்துல வேற புல்லு வரிசையா வந்திருக்கு. ஒங்க சுவர்ல வந்து முட்டி நிக்குது. எதிர்மனையில மறுபடி ஆரம்பிக்குது. நடுவுல ஒங்க சமையக்கட்டு."

அப்போது ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன பெண்ணிடம் கேட்டேன். அவள் அந்தப் பொட்டலிலேயே வளர்ந்தவள்.

"ஆமா, ஒனக்குத் தெரியாதா? சுடுகாட்டுக்குப் போற வழி. எங்க மாமனார அது வழியாத்தான் தூக்கினு போனோம். மனை போட்டப்பறம் ரோட்டுப் பக்கமா சுத்தினு போறாங்க."

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட கணவர் மாடிப்படியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நாம வாடகைக்கு விட்டமா, வாஸ்து பாக்க விட்டமா?" பிறகு, "எதுக்கும் சமையக்கட்டுல ஒரு வெளக்கு ஏத்தி வெய்யி" என்றார்.

நான் படித்தவள். சிதம்பரத்தில் ஒரு அலுவலகத்தில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆனாலும் அடுப்படியில் நிற்கும்போது ஒதுங்கி நின்றேன், யாருக்கோ வழி விடுவதுபோல. மேடம் சொன்னால் அது இருக்கும் என்பது அன்றுமுதல் எனக்குள் இறங்கிவிட்டது.

அடுத்தது என் மகளின் காலுறை. அவள் அப்போது எட்டாவது படித்தாள். பள்ளி விட்டு வந்தால், சிதம்பரத்திலிருந்து நான் பஸ் பிடித்து வந்து சேரும்வரை வீட்டில் தனியாக இருப்பாள். அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் நான் தினமும் பஸ்ஸில் உட்கார்ந்து கற்பனை செய்வேன். கேஸ் அடுப்பு, காலிங் பெல், கொரியர் கொண்டுவருபவன். ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் நுழைந்து அவளைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூச்சு கீழே இறங்கும்.

கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவள் காலுறையிலிருந்து மேடம் எதையோ பிடுங்கி எடுத்தார். முறுக்கிய வால் வைத்த சின்ன ஊசி.

"ஊசிப்புல்லு. பள்ளிக்கூடத்துல இது கெடையாது. பாப்பா பொட்டலுக்குப் போவுதா?"

மகள் சிவந்துபோனாள். தோழியோடு களாக்காய் பறிக்கப் போனாளாம். நான் திட்டினேன். அவள் மேடத்தை முறைத்தாள். "ஆன்ட்டி, நீங்க போலீஸ்ல சேந்திருக்கலாம்."

"சேத்துக்க மாட்டாங்க. எனக்கு ஆளுங்க மொகம் ஞாபகம் இருக்காது" என்றார் மேடம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அந்தத் தை மாதம் ஒரு காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மேடம் பொட்டலிலிருந்து நேராக எங்கள் கூடத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்ற மறந்திருந்தார். அவர் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை.

"யாரோ நிக்கிறாங்க" என்றார்.

"எங்க?"

"என் சதுரத்துக்கு மேற்கு ஓரத்துல. ரெண்டு கால் வெக்கிற அளவு எடம். பாறைச் செடி ஒண்ணுகூட இல்ல. மிதிபட்ட எடத்துல வர்ற கூட்டம் வந்திருக்கு. துணியில ஒட்டுமே, அந்த ஒட்டுப்புல்லு. அருகு. அது அங்கேர்ந்து படந்து என் சதுரத்துக்குள்ள நொழைஞ்சிடுச்சு."

"ஆடு மேய்க்கிறவங்களா இருக்கும்."

"ஆடு மேய்க்கிறவங்க ஒரே எடத்துல நிக்க மாட்டாங்க. இது ஒரு நாள், ஒரு மாசம் நின்னு வர்றது இல்ல. தெனமும் வரணும். வந்து ஒரே எடத்துல, ஒரே பக்கம் பாத்து நிக்கணும்."

"எந்தப் பக்கம் பாத்துன்னு எப்படித் தெரியும்?"

"குதிகால் பக்கம் மண்ணு கட்டியாயி மொட்டையா இருக்கு. முன்னங்கால் பக்கம் புல்லு இருக்கு, படுத்துக் கெடக்கு." அவர் கையை நீட்டிக் காட்டினார். "இந்தப் பக்கம் பாத்து."

அவர் கை எங்கள் வீட்டுக்குள் நீண்டிருந்தது. கொல்லைப்பக்கம் இருக்கும் அறை என் மகளுடையது. அவள் ஜன்னல் மேற்கே பொட்டலைப் பார்த்தது.

அன்று நான் அலுவலகம் போகவில்லை. அந்த ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாளின் மேல் கம்பி சுற்றினேன். மகளைத் தோழி வீட்டுக்கும் அனுப்பவில்லை, மொட்டை மாடிக்கும் அனுப்பவில்லை. காரணத்தைச் சொல்லவில்லை. பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? கணவர் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பொட்டலைச் சுற்றி வந்தார். யாரும் இல்லை. நான் ஆட்டுக்காரப் பெண்ணைப் பிடித்தேன்.

"அந்தக் கம்பி அடிச்ச எடத்துல யாராவது வந்து நிக்கிறாங்களா? எங்க வீட்டப் பாத்துனு?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"நிக்கிறாங்களாவா? தெனமும்தான் நிக்குது. விடிஞ்சதும் வந்துடும். கொக்கு மாரி."

"யாரு?"

"இதென்ன கேள்வி! ஒங்க மாடியில குடியிருக்குதே, அந்தம்மாதான்."

மறுநாள் விடியலில் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். பனி மூட்டத்தில் மேடம் பொட்டலில் நின்றிருந்தார். துண்டால் தலையை மூடியிருந்தார். அசையவில்லை. எந்த இடத்திலும் நிற்காத அந்த மனுஷி, எங்கள் வீட்டைப் பார்த்தபடி, சிலைபோல, நின்றுகொண்டே இருந்தார். சதுரத்தைத்தான் குனிந்து பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், அங்கிருந்து பார்க்கும்போது அவர் கண் என் மகளின் ஜன்னல்மேல் இருப்பதுபோலவே இருந்தது.

அவர் இறங்கி வந்ததும் சொன்னேன். "மேடம், அங்க நிக்கிறது நீங்கதான்."

"நான் நிக்கிறதில்லையே."

"இப்ப நின்னீங்க. நான் பாத்தேன். தெனமும் அதே எடத்துலதான் நிக்கிறீங்களாம்."

அவர் மாடிப்படியில் உட்கார்ந்தார். தன் பாதங்களையே பார்த்தார். பிறகு மெதுவாக, தனக்கே விளக்குவதுபோலச் சொன்னார்.

"காலையில வெயிலு கிழக்கேர்ந்து வரும். மேற்கால நின்னாத்தான் என் நெழல் சதுரத்து மேல விழாது. நெழல் விழுந்தா சரியாத் தெரியாது. அதான் அந்தப் பக்கம்." பாதங்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "உள்ள கால் வெக்கக் கூடாது, உள்ள கால் வெக்கக் கூடாதுன்னு பாத்தேன். வெளிய எங்க நிக்கிறேன்னு பாக்கல."

எனக்கு அப்படியொரு நிம்மதி. சிரித்தேவிட்டேன். "நல்ல வேளை மேடம். நான் பயந்தே போயிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. "பாறைப் புல்லு கொறையுது, வெயிலு ஜாஸ்தியாயிடுச்சுன்னு எழுதிட்டிருந்தேன். இத்தன வருஷமா நான் என் காலைத்தான் அளந்திருக்கேன்."

அந்த மாதமே வீட்டைக் காலி செய்தார். சிதம்பரத்துக்கும் போகவில்லை, அண்ணன் வீட்டோடு இருக்க வேறு ஊருக்குப் போவதாகச் சொன்னார். கிளம்பும் நாளில் நான்கு முளைகளையும் பிடுங்கிக் கொண்டுவந்து துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆட்டோவில் ஏறும்போது நான் கேட்டேன், அந்த இடம் சரியாகிவிடுமா என்று.

"என் காலாயிருந்தா சரியாயிடும். ரெண்டு மழைக்காலம் விட்டா ஓரத்துலேர்ந்து பாறைச் செடிங்க திரும்பி வந்துடும்."

என் காலாயிருந்தால். அந்த ஒரு வார்த்தையை அவர் வெறும் கவனத்துக்காகத்தான் சேர்த்திருப்பார். படித்தவர்கள் அப்படித்தான் பேசுவோம், எதையும் முழுதாக உறுதி சொல்லமாட்டோம். ஆனால் ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் அது எனக்குள் முளைத்துவிட்டது. அவர் காலாக இல்லாவிட்டால்?

அன்றிலிருந்து நான் காலையில் நடக்கப் போக ஆரம்பித்தேன். சர்க்கரை எல்லை தாண்டிவிட்டதாக டாக்டர் சொன்னதும் வசதியாகப் போயிற்று. வீட்டில் எல்லோரும் தூங்கும்போது கிளம்பி, பொட்டல் ஏறி, அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருவேன். பனிக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வேன். ஐப்பசி மழை பெய்தது. பொட்டல் முழுவதும் கறுப்புப் பொருக்கு பச்சையாக எழுந்தது. தண்ணீர் ஊறிய பள்ளங்களில் பூச்சி பிடிக்கும் செடிகள் சிவப்புச் சிவப்பாகத் துளி ஏந்தி நின்றன. அந்த இரண்டு கால் இடத்தில் மட்டும் ஒட்டுப்புல்லும் அருகும் படுத்தபடியே கிடந்தன.

ஒரு மழைக்காலம்தானே ஆகியிருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன். ஆனாலும் மகளின் ஜன்னல் கம்பியைப் பிரிக்கவில்லை. கணவர் சத்தம் போட்டார். "அந்தம்மாவே நான்தான்னு ஒத்துக்கிட்டு போயிடுச்சு. நீ இன்னும் புள்ளைய ஜெயில்ல போட்டு வெச்சிருக்கே." ஆட்டுக்காரப் பெண்ணைக் கேட்கலாம் என்றால், அவள் ஆடுகளை விற்றுவிட்டு முந்திரி உடைக்கும் வேலைக்குப் போய்விட்டாள்.

மறுவருஷ மழையும் வந்து நின்றது. தை பிறந்தது. அந்த இடம் ஆறவில்லை. குதிகால் பக்கம் மண் இன்னும் இறுகி, இன்னும் மொட்டையாகியிருந்தது. அப்படியானால் அது மேடத்தின் கால் இல்லை. அன்று சாயங்காலமே மகளிடம் சொன்னேன். அவள் அப்போது பத்தாவது. "பரீட்சை முடிஞ்சதும் பிளஸ் ஒன் சிதம்பரத்துல சேத்துடலாம்னு பாக்கறோம். ஹாஸ்டல் இருக்கு. என் ஆபீஸ் பக்கத்துலதான்."

அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போறேன்மா. இப்பவே வேணும்னாலும் போறேன்."

"ஏண்டி?"

"சொன்னா நீ பயப்படுவ. இன்னும் பூட்டி வெப்ப. அதான் சொல்லல." தன் அறைப் பக்கம் கைகாட்டினாள். "விடியக்காலையில படிக்க எழுந்துக்கறேன்ல. ஜன்னல் கண்ணாடி வழியாத் தெரியும். பொட்டல்ல ஒரு பொம்பள வந்து நிக்குறாங்கம்மா. தெனமும். தலையில துண்டு போட்டுனு, நம்ம வீட்டையே பாத்துனு. அந்த ஆன்ட்டி மாதிரியே. ஆனா அவுங்க ஊருக்குப் போயிட்டாங்கல்ல?"

"எப்ப வருவாங்க?" என்றேன்.

"நீ வாக்கிங் போனப்பறம்தாம்மா வருவாங்க. நீ வந்துட்டா போயிடுவாங்க."

சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். "அது நான்தாண்டி."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். நிம்மதியில் நான் ஒருநாள் சிரித்தேனே, அதுபோல. அவள் என் கையை விட்டாள். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வேறு யாரையோ பார்ப்பதுபோல.

"எதுக்கும்மா?" என்றாள்.

யாராவது நிற்கிறார்களா என்று பார்க்க, என்று சொல்ல வாய் வரை வந்தது.

அவள் ஹாஸ்டலுக்குப் போனாள். போகட்டும் என்று நானே சொன்னேன்; அவளும் முடிவை மாற்றவில்லை. இப்போது நான் பொட்டலுக்குப் போவதில்லை. அங்கே பாறைச் செடிகள் திரும்பி வந்திருக்கலாம். மேடத்துக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றும், அவர் கொடுத்த எண்ணில் யாரும் எடுப்பதில்லை.

ஹாஸ்டல் என் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. மதிய இடைவேளையில் அந்தப் பக்கம் போகிறேன். உள்ளே போவதில்லை, அவளுக்குப் பிடிக்காது. எதிர்ச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடை நிழலில் நிற்பேன். அவள் மெஸ்ஸுக்கு நடந்துபோகும் வராந்தா அங்கிருந்து தெரியும். அவள் தோழிகளோடு பேசிக்கொண்டே போவதைப் பார்த்ததும் திரும்பிவிடுவேன். அவ்வளவுதான். ஐந்து நிமிஷம்கூட இருக்காது.

முந்தாநாள் அங்கே நிற்கும்போது சட்டென்று குனிந்து என் காலடியைப் பார்த்தேன். தார் ரோடு. அதில் ஒன்றும் முளைக்காது. எத்தனை நாள் நின்றாலும் யாருக்கும் தெரியாது.